சவ்வும் ஊடையும்

எட்டாம் வகுப்பில் என் மானத்தை வாங்கியது 'சவ்வூடு பரவல்' என்ற சொல். அதற்கு என்ன பொருள் என்று டீச்சர் கேட்டதும் துள்ளி எழுந்து, சவ்வுதான் தறியில் நீளவாக்கில் கட்டிய பாவு, அதன் குறுக்கே தண்ணீர் ஊடையாக ஓடுகிறது என்றேன். தறிச் சத்தத்தில் பிறந்து வளர்ந்தவளுக்கு ஊடு என்றால் குறுக்கே ஓடும் ஊடை நூல்தானே! ஊடு என்றால் 'வழியாக' என்று டீச்சர் திருத்துவதற்குள் வகுப்பே சிரித்து முடித்திருந்தது.

வீட்டிலும் எல்லோரும் சிரித்தார்கள், சித்தப்பாவைத் தவிர. அவருக்குச் சிறுநீரகங்கள் பழுதாகி, வீட்டிலேயே வயிற்றுவழி டயாலிசிஸ் நடந்துகொண்டிருந்தது. கதவைச் சாத்தி, ஃபேனை நிறுத்தி, மாஸ்க் போட்டுக்கொண்டு, சர்க்கரை கலந்த மருந்துநீர்ப் பையை ஆணியில் மாட்டிக் குழாய் வழியாக வயிற்றுக்குள் இறக்குவார். சில மணி நேரம் கழித்து வெளியே வடிப்பார். வயிற்றுக்குள் இருக்கும் மெல்லிய சவ்வு, இரத்தத்தில் சேர்ந்த கழிவையும் மிச்சத் தண்ணீரையும் அந்தச் சர்க்கரைநீர்ப் பக்கம் கசியவிடும். இரத்த அணுக்களைப் போகவிடாது. என் புத்தகத்தில் வெறும் படமாக இருந்தது அவர் வயிற்றில் வேலை செய்துகொண்டிருந்தது.

"அப்ப என் வயித்துலயும் ஒரு தறி ஓடிக்கினு இருக்குதுன்னு சொல்லுமா," என்றார்.

அன்றிலிருந்து வடிந்த பையைப் பட்டு நிறுக்கும் தராசில் வைத்துப் பார்ப்பது என் உத்தியோகம். உள்ளே போனதைவிடக் கூடுதலாக வந்திருந்தால், ஊடை ஓடிவிட்டது என்று வீடு அதிரக் கத்துவேன். அந்தக் கூடுதலைப் பார்த்துத்தான் அன்றைக்கு அவர் எவ்வளவு தண்ணீர் குடிக்கலாம் என்பதே முடிவாகும். மீறினால் கால் வீங்கும், மூச்சு முட்டும். ஒருமுறை அப்படி ஆகி ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடியிருந்தார்கள். எனக்கு அந்தப் பயம் போகவே இல்லை.

வைகாசியில் பெருமாள் கோயில் கருட சேவைக்குச் சித்தப்பாவுடன் போயிருந்தேன். வெயில் மண்டையைப் பிளந்தது. பந்தலில் பானகம் கொடுத்துக்கொண்டிருந்தவர் சித்தப்பாவின் கையிலும் ஒரு டம்ளரைத் திணித்துவிட்டார். அன்றைய தண்ணீரை அவர் காலையிலேயே குடித்துத் தீர்த்திருந்தார். சட்டையைப் பிடித்து இழுத்து, வேண்டாம் என்று அழாத குறையாகச் சொன்னேன்.

"எனக்கில்லமா, உனக்குத்தான் வாங்கினேன்," என்று என் முன்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்தார். "மெதுவா குடி. ஒவ்வொரு வாயா குடி."

புரையேறிவிடும் என்று பயப்படுகிறார் போலும் என்று நினைத்து, சொன்னபடியே குடித்தேன். ஏலக்காயும் சுக்கும் மணந்தன. அவர் கண் என் முகத்தில் இல்லை, தொண்டையில் இருந்தது. நான் விழுங்க விழுங்க அவருடைய தொண்டையும் ஏறி இறங்கியது. சித்தப்பாவைக் காப்பாற்றிவிட்ட பெருமையில் கடைசிச் சொட்டுவரை குடித்துவிட்டு டம்ளரைக் கவிழ்த்துக் காட்டினேன்.

"அப்பாடா, இப்பதான் நல்லா இருக்குது," என்றார்.

குடித்தது நான், இவருக்கு எப்படி நன்றாக இருக்கும் என்று திருதிருவென்று விழித்தேன்.