இன்னும் நாலு கொக்கி

டெய்லர் கோமதி அக்கா இன்று காலை போய்விட்டார்.

போனில் செய்தி வந்தபோது மிக்ஸி ஓடிக்கொண்டிருந்தது. நிறுத்தத் தோன்றவே இல்லை... சட்னி கூழாகிவிட்டது.

கோவில்பட்டிக்காரர்களுக்கு அவரைத் தெரிந்திருக்கும். பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஒற்றை மெஷின் போட்ட லேடீஸ் டெய்லர் கடை. அளவெடுக்கும்போது, "ஏட்டி, மூச்ச இழுத்துப் பிடிக்காத. பெறகு பிரிச்சுத் தைக்கச் சொல்லி எங்கிட்டதான் வருவ" என்று அதட்டுவாரே, அவரேதான்.

அந்தக் கடையில் இன்னொன்றும் நடந்தது. இத்தனை வருஷமாக நான் எழுதியதில்லை.

தொண்ணூறுகளின் கடைசி. எனக்கு முப்பத்திரண்டு வயது, மேட்ச் கம்பெனி ஆபீஸில் கிளார்க். மார்பில் கேன்சர். மதுரையில் இடது மார்பை எடுத்தார்கள், கீமோ கொடுத்தார்கள், கரண்டு வைத்தார்கள். ரேடியேஷனுக்கு எங்கள் பக்கம் அதுதான் பேர்.

"எல்லாம் முடிஞ்சுதும்மா, இனி நார்மல்தான்" என்றார் டாக்டர். பார்த்தவர்கள் எல்லாம் "நீ ரொம்பத் தைரியசாலி" என்றார்கள்.

நார்மலும் இல்லை, தைரியமும் இல்லை... ஐந்து வயது மகள் பொன்னியைத் தூக்கிக் கொஞ்சி மாதக்கணக்காகியிருந்தது.

முன்பெல்லாம் என் மேல் ஏறிப் படுத்து, நெஞ்சில் முகம் வைத்துத்தான் தூங்குவாள். இப்போது தடவிப் பார்த்து, இல்லை என்று கண்டுபிடித்துவிட்டால்? பயந்துபோய் அவளை அவள் அப்பாவோடு படுக்க வைத்துவிட்டேன்.

ஒரு நாள் கதவோரம் நின்று கேட்டாள். "அம்மா, எங்கூட டூ விட்டுட்டியா?"

நான் அடுப்படிக்குள் போய்விட்டேன்.

அந்த வாரம்தான் பழைய பிளவுஸ்களைப் பிடித்துத் தைக்க அக்காவிடம் போனேன். டேப்பை வைத்தவர் சட்டென்று நின்றார். ஐயோ என்று சொல்லவில்லை, உச்சுக்கொட்டவில்லை. போய்க் கடைக் கதவைச் சாத்தினார்.

"நான் தைரியமாத்தான்க்கா இருக்கேன்" என்றேன், அவர் கேட்காமலேயே.

"ஏட்டி, அந்தத் தைரியத்தச் செருப்புகூட வெளிய விட்டுட்டு வா. இங்கன எதுக்கு அது?"

அவ்வளவுதான்... உடைந்துவிட்டேன்.

அக்கா என் முகத்தைப் பார்க்கவே இல்லை. யாருடையதோ ஒரு பிளவுஸை மடியில் எடுத்துப் போட்டுக் கொக்கி தைக்க ஆரம்பித்தார். நான் கண்ணைத் துடைத்ததும், தலை நிமிராமலே சொன்னார். "அதுக்குள்ள என்ன அவசரம்? இன்னும் நாலு கொக்கி இருக்கு. அழு."

எத்தனையோ பேர் கையைப் பிடித்து ஆறுதல் சொன்னார்கள். அழுவதற்கு நேரம் கொடுத்தவர் அவர் ஒருத்தர்தான்.

பிறகு, எடுத்த மார்புக்குப் பதிலாக உள்ளே வைக்க மதுரையில் வாங்கிய ரெடிமேட் பேடைக் காட்டினேன். ரோஸ் கலர். நானோ கரிசல் மண் நிறம். கரண்டு வைத்த இடம் அதைவிடக் கறுப்பு.

"இது எந்த வெள்ளக்காரிக்குச் செஞ்சதுட்டி?" என்றார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. எத்தனை மாதத்துக்குப் பிறகு!

அவரே தைத்துக் கொடுத்தார். காப்பிப்பொடி கலர் துணி, உள்ளே பஞ்சு. வெறும் பஞ்சு கனமில்லாமல் மேலே ஏறிக்கொள்ளும் என்று அடியில் இரண்டு கைப்பிடி கம்புத் தானியம். மாற்றிக்கொள்ள இன்னொன்று.

ஐப்பசி மழை. ஒன்றை அலசி, யார் கண்ணிலும் படாமல் கொடியில் பாவாடைக்கு அடியில் போட்டேன். மூன்று நாள் வெயிலே இல்லை. நான்காம் நாள் பொன்னி அதைக் கையில் பிடித்துக்கொண்டு ஓடி வருகிறாள்.

"அம்மா, இங்க பாரு... பயிரு மொளச்சிருக்கு!"

துணியைத் துளைத்துக்கொண்டு பச்சைப் பசேலென்று கம்பு முளை!

"இது என்னதும்மா?"

இனி எதை மறைக்க... உட்கார்ந்து, விலக்கிக் காட்டினேன். அவள் தழும்பின் மேல் ஒரு விரலை வைத்தாள்.

"வலிக்காம்மா?"

"இல்லட்டி."

"அப்ப டூ இல்லையா?"

அள்ளி எடுத்துக்கொண்டேன். அந்த இடத்திலேயே முகத்தை வைத்துப் படுத்துக்கொண்டாள்.

அக்காவிடம் சொன்னபோது விழுந்து விழுந்து சிரித்தார். "நான் ஒரு கோட்டிக்காரி, வறுத்துல்லா போட்டிருக்கணும்! கரிசக்காட்டுல பொறந்துட்டு, நனஞ்சா மொளைக்கும்னு தெரியாமப் போச்சே!"

அதன் பிறகு வறுத்த கம்புதான்.

ஒருத்தி சொல்லி ஒருத்தியாக, கழுகுமலையிலிருந்தும் புதூரிலிருந்தும் என்னைப் போன்ற பெண்கள் வந்தார்கள். புதன்கிழமை மத்தியானம் கடைக் கதவு சாத்தியிருக்கும். ஒருத்தி அழுவாள். மற்றவர்கள் குனிந்து கொக்கி தைத்துக்கொண்டிருப்போம். "தைரியமா இரு" என்று யாராவது வாயைத் திறந்தால் அக்கா கத்திரிக்கோலைக் காட்டுவார்.

அக்காவுக்கு அந்த நோய் வந்ததே இல்லை. எந்த ட்ரெயினிங்கும் போனவர் இல்லை. இதெல்லாம் அவருக்கு எப்படித் தெரிந்தது? இன்றைக்கும் எனக்கு ஆச்சரியம் அடங்கவில்லை.

பொன்னி பக்கத்தில் உட்கார்ந்து அழுகிறாள். அவள் கல்யாண பிளவுஸ் அக்கா தைத்தது. நான் சமாதானம் சொல்லவில்லை. இதை போஸ்ட் செய்துவிட்டு, ஒரு பிளவுஸை மடியில் எடுத்துப் போடப் போகிறேன்.

போய்ட்டு வாங்கக்கா. இங்கன இன்னும் நாலு கொக்கி இருக்கு...