சும்மா நடக்கிறேன்

டெலிபோன் ஆபரேட்டருக்கு வாயும் கையும்தான் வேலை செய்யும்; மற்ற உடம்பு ஸ்டூலில் உட்கார்ந்தே சம்பளம் வாங்கும். உட்கார்ந்தே பெருத்துப்போன சகோதரிகளே, குழந்தை தூங்கிய பிறகு உங்களுக்காக இதை எழுதுகிறேன்.

லைனில் யார்?

ஒருநாள் இருட்டிய பிறகு, எங்கள் ஆரணி எக்ஸ்சேஞ்சுக்கு அவசரமாக மாடிப்படி ஏறிவந்து ஹெட்போனை மாட்டினேன். காதுக்குள் "ஹுஸ்... ஹுஸ்..." என்று ஒரு சத்தம். கான்வென்ட் விடுதியில் கேட்ட பேய்க்கதைகள் எல்லாம் வரிசையாக ஞாபகம் வந்தன. மனசுக்குள் ஜெபம் சொல்லிக்கொண்டே காஞ்சிபுரத்துக்கு இணைப்புக் கொடுத்தேன். பேசவந்த பட்டு வியாபாரி சொன்னார்: "லைன்ல யாரோ மூச்சு வாங்கிகினு கீறாங்களே... அட, நீதானாம்மா? ஒடம்பு சரியில்லன்னா லீவு போடும்மா."

எங்கே போகிறாய்?

மறுநாளே ஆஸ்பத்திரிக்குப் போனேன். பிரசவத்தில் ஏறிய ரத்த அழுத்தம், மகளுக்கு இரண்டு வயதாகப்போகிற இந்த நேரத்திலும் இறங்கவில்லையாம். எடை குறைய வேண்டும், ஒரேயடியாக அல்ல, இன்று கொஞ்சம், நாளை அதைவிடக் கொஞ்சம் கூட நடங்கள் என்றார் டாக்டரம்மா. நான் போய்விட்டால் இவளுக்கு யார் தலை வாருவார்கள்? அந்த பயத்திலேயே நடந்தேன்.

"சும்மா நடக்கிறேன்" என்றால் யாரும் நம்பவில்லை. வீட்டில் சண்டையா என்றார் ஒருவர். எதைத் தொலைத்தேன் என்று கூடவே தேட வந்தார் இன்னொருவர். சைக்கிள் ரிக்‌ஷாக்காரர் பின்னாலேயே மெல்ல ஓட்டிவந்தார்: "காசு வேணாம், ஏறு தங்கச்சி. நீ நடக்கறதப் பாத்தா எனக்கே பேஜாரா கீது."

தண்ணீர்க் குடம்

சரி, ஆபீஸிலேயே அசையலாம் என்று, குடிதண்ணீர்க் குடத்தை நானே மாடிக்குச் சுமந்தேன். அந்த வேலைக்கென்றே இருந்த கன்னியம்மா படியில் வழிமறித்தாள்: "உனக்கு ஒடம்பு எளைக்கணும், எனக்கு வயிறு நெறையணும். கொடத்தக் கீழ வைம்மா."

தெரு நீளம் பட்டு

ஒரு காலையில், தறியில் ஏற்றப்போகும் நீள இழைகளான பட்டுப் பாவைத் தெரு நீளத்துக்கு நீட்டிக் கட்டியிருந்தார்கள். அறுந்த இழைகளை முடிந்துகொண்டே நடக்க ஆள் போதவில்லை. நெசவுக்கார அக்கா என்னையும் கூப்பிட்டாள். அன்றிலிருந்து பாவு போடும் நாளெல்லாம் போனேன். கையில் இழை இருந்ததால் எங்கே போகிறாய் என்று ஒருவர்கூடக் கேட்கவில்லை!

போகப்போக மூச்சு வாங்குவது குறைந்தது. ஒருநாள் வெயில் ஏறாத காற்றில், பள்ளி மைதானத்தில் த்ரோபாலுக்கு ஓடிய கால்கள் ஞாபகம் வந்தன. ஜடை முதுகில் அடிக்க, யாருக்கும் காரணம் சொல்லாமல் ஓடிய கால்கள். இன்னொரு தரம் அப்படி ஓட மாட்டேனா என்று ஏங்கியபடியே காலை எட்டி வைத்துவிட்டேன். அக்கா கத்தினாள்: "மெதுவா போம்மா! பந்தயத்துக்கா வந்துகீற? இழை அறுந்துடும்!"

மழை

ஐப்பசி மழை பிடித்துக்கொண்டது. பாவு தெருவுக்கு வரவில்லை, நானும் வரவில்லை. பழைய பயம் மட்டும் வந்துவிட்டது. புடவையை இழுத்துச் செருகி, அறைக்குள் நின்ற இடத்திலேயே ஓட ஆரம்பித்தேன். மாமியார் கதவைத் திறந்து, பூச்சி கடித்துவிட்டதா என்றார். அவர் போனதும் பக்கத்து வீட்டு அம்மா எட்டிப் பார்த்தார். கூச்சத்தில் நின்றுவிட்டேன். கட்டிலில் இருந்த மகள் மட்டும் கைதட்டினாள்: "அம்மா, இன்னும் ஓடு!"

ஆரணியில் ஒரு தாய் உயிரோடிருக்க ஓட வேண்டுமென்றால் மைதானமெல்லாம் வேண்டாம் சகோதரிகளே, கதவுக்கு உள்பக்கம் ஒரு தாழ்ப்பாள் இருந்தால் போதும், அதை நான் போட்டுவிட்டேன்.