கருவாட்டை விட்டேன், ஊசியை விடவில்லை

சுனாமிக்குப் பிறகு வாகரையில் கட்டிய வீட்டையும் யுத்தத்தில் விட்டுவிட்டு முகாமில் இருந்தோம். அங்கேதான் சீனி வருத்தத்துக்கு எனக்கு இன்சுலின் தொடங்கினார்கள். ஒரு கிழமைக்குள் கால்கள் வீங்கின, பிரஷரும் ஏறியது. ஊசி ஒத்துக்கொள்ளவில்லை என்று நானே நிறுத்தினேன். மூன்றாம் நாள் தண்ணீர் வரிசையில் மயங்கி விழுந்தேன்.

“என்னம்மா சாப்பிடுறீங்க?” என்று கேட்டார், என் வீங்கின காலை அமத்திப் பார்த்த முகாம் டொக்டர்.

“நிவாரண அரிசியும், ஊரில இருந்து கொண்டுவந்த கருவாடும்தான்.”

“இன்சுலின் தொடங்கினா சிறுநீரகம் உப்பைப் பிடிச்சு வைக்கும். உப்போட தண்ணியும் நிக்கும். கருவாட்டை விடுங்க, ஊசியை விடாதீங்க.”

அலைந்து களைத்த நாக்குக்கு ருசித்தது அந்தக் கருவாடு ஒன்றுதான்; அதையும் விட்டேன். இப்போது ஊசி தவறுவதில்லை. கால் வீங்கினால் உடனே கிளினிக்குக்குப் போகிறேன். பிள்ளைகளுக்குக் கருவாடு பொரிக்கிற நாளில் மட்டும், அடுப்பை மகளிடம் விட்டு வாசலில் போய் இருந்துவிடுவேன்.