பூஞ்சை அக்காவின் பதிவேடு

கசடு நிரப்பிய கண்ணாடி உருளைக்கு எதிரே, முகவாயை மேசையில் ஊன்றி உட்கார்ந்திருக்கிறார் அக்கா. அரை மணி நேரம் அப்படித்தான். அதற்குள் கசடு அடியில் படிந்து, மேலே தெளிந்த நீர் நிற்க வேண்டும். நடுவில் யாராவது மேசையைத் தொட்டால் தொலைந்தார்கள். "கைய எடுங்க! அதுவா உக்காரட்டும்."

கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையத்தின் ஆய்வுக்கூடத்தில் இருபத்திரண்டு வருடமாக அவருக்கு இதே வேலை. நான் அவருடைய உதவியாள். எல்லோருக்கும் அவர் பூஞ்சை அக்கா. மைக்ரோஸ்கோப்பில் இடது கண்ணால்தான் பார்ப்பார். "வலது கண்ணு எதச் சொன்னாலும் நம்பிடும்" என்பார்.

ஒரு மாதமாகக் கசடு படியவே இல்லை. பஞ்சாக உப்பி மிதக்கிறது. மைக்ரோஸ்கோப்பில் பார்த்தால் நூல் நூலாகப் பூஞ்சை. அமிலம் கலந்த நீரில் அது கொழிக்கும். அழுக்கைத் தின்ன வேண்டிய பாக்டீரியாக்கள் செத்துப்போகும். ஊரின் மேல்கோடியில் உள்ள தொழிற்சாலை சாக்கடையில் அமிலத்தைத் திறந்துவிடுகிறது என்பது இங்கே எல்லோருக்கும் தெரியும்.

நிலையத்து அதிகாரிக்கும் தெரியும். "குளோரின ஊத்திக் கொன்னுடுங்க. பூஞ்சைன்னு எழுதி ஊரக் கூட்டாதீங்க" என்றார்.

"பூஞ்சைய ஏன் சார் கொல்றீங்க? யாரு தப்பு பண்றான்னு காட்டிக் குடுக்கறதே அது ஒண்ணுதான்!" என்றார் அக்கா.

தொழிற்சாலைக்கு ஒரு நோட்டீஸ் அனுப்ப இந்த மனிதருக்குக் கை வரவில்லை. மிதக்கும் கசடு தொட்டி விளிம்பைத் தாண்டி ஆற்றில் விழுகிறது. அடுத்த ஊரில் அக்காவின் தங்கை வீட்டுக் குழாயில் வருவது அந்த ஆற்றுத் தண்ணீர்தான். "அவ கைக்குழந்தைக்காரி. நான் எப்படி வாய மூடிட்டு இருக்கறது?" என்று என்னிடம் கேட்டார்.

இன்று மேலிடத்து ஆய்வுக் குழு வருகிறது. காலையில் அக்கா பதிவேட்டைத் திறந்தார். ஒரு மாதமாக 'பூஞ்சை' என்று அவர் எழுதிய கட்டங்களிலெல்லாம் வெள்ளை மை பூசியிருந்தது. அதன் மேல் அதிகாரியின் கையெழுத்தில், 'இயல்பு'. ஓரத்தில் அக்காவின் கையொப்பம் மட்டும் அப்படியே இருந்தது. எவ்வளவு துணிச்சல்!

குழுவின் வண்டி வாசலில் வந்து நின்றது. அக்கா புதுக் கசடை உருளையில் ஊற்றி, கடிகாரத்தைப் பார்த்தார். இன்று முகவாயை மேசையில் ஊன்றவில்லை. பதிவேட்டை அருகே இழுத்து, கட்டைவிரல் நகத்தால் முதல் கட்டத்தின் வெள்ளையைச் சுரண்டத் தொடங்கினார்.