அம்மாவுக்குத் தெரியாத பக்கம்

என்னைச் சோம்பேறி என்று முதலில் சொன்னது யார் என்று ஞாபகமில்லை. கடைசியாகச் சொன்னவரை நன்றாக ஞாபகம் இருக்கிறது. எட்டாம் வகுப்புத் தமிழ் மிஸ். என் ஸ்கேலைப் பிடுங்கி மேசை டிராயரில் போட்டுக்கொண்டு, "வரிக்கு அடியில ஸ்கேல் வச்சுப் படிக்கிறது எல்.கே.ஜி. பழக்கம். உனக்கு உடம்பு வணங்கல, அவ்வளவுதான்" என்றார். அந்த ஸ்கேல் திரும்பி வரவே இல்லை. இப்போது கல்லூரியில் இரண்டாம் வருஷம் படிக்கிறேன். இன்றைக்கும் அந்தப் பள்ளிப் பக்கம் போனால் உள்ளே நுழைந்து ஸ்கேலைக் கேட்கலாமா என்று தோன்றும்.

ஸ்கேல் இல்லாவிட்டால் என்ன ஆகும் என்று அவர் கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன். இரண்டு வரி ஒழுங்காக நிற்கும். மூன்றாவது வரியில் எழுத்துகள் இரண்டிரண்டாகப் பிரியும். ஒரு வரி முடிந்து அடுத்த வரிக்கு வருவதற்குள் இடம் தவறி, படித்த வரிக்கே திரும்பி வந்து நிற்பேன். பத்து நிமிஷத்தில் புருவத்துக்கு மேலே வலி ஆரம்பிக்கும். எல்லாருக்கும் இப்படித்தான், மற்றவர்கள் பொறுத்துக்கொள்கிறார்கள், எனக்குத்தான் பொறுமை இல்லை என்று நானே நம்பிக்கொண்டிருந்தேன். அப்படி நம்பவைத்தார்களே என்ற கோபம் இன்னும் அடங்கவில்லை.

வருஷா வருஷம் பள்ளியில் கண் பரிசோதனை நடக்கும். சுவரில் அட்டையை மாட்டி, தள்ளி நிற்கவைத்து வாசிக்கச் சொல்வார்கள். தூரத்தில் எனக்கு எல்லாமே பளிச்சென்று தெரியும். செம்பாக்கம் ஏரிக்கு அந்தக் கரையில் நிற்கும் கொக்குகளைக்கூட எண்ணிவிடுவேன். போதாததற்கு, எனக்கு முன்னால் வரிசையில் நின்றவர்கள் வாசித்ததைக் கேட்டுக் கேட்டு அட்டை முழுக்க மனப்பாடம் ஆகியிருக்கும். கண் நன்றாக இருக்கிறது என்று எழுதிக் கொடுத்தார்கள். கண் நன்றாக இருக்கிறது என்றால் கோளாறு என்னிடம்தானே?

மனப்பாடம்தான் என் பிழைப்பு. அதற்கு எனக்கு வாய்த்தது அம்மாவின் குரல். அம்மா கிண்டியில் ஓர் அலுவலகத்தில் வேலை பார்த்தார். என் பாடப் புத்தகங்களில் தனக்கென்று இன்னொரு செட் வாங்கி வைத்திருந்தார். தாம்பரத்தில் ஏறி, மின்சார ரயிலில் உட்கார இடம் கிடைத்துவிட்டால், ஒரு பாடத்தை வாசித்துப் போனில் பதிவு செய்துவிடுவார். முகலாயர்கள் டெல்லியைப் பிடிப்பதற்குள் பல்லாவரம் வந்துவிடும், அந்த அறிவிப்பும் பாடத்தோடு சேர்ந்து பதிவாகியிருக்கும். மூன்று தடவை கேட்டால் போதும், வரிவரியாக ஒப்பிப்பேன்.

வீட்டிலும் இதே கதைதான். சாயங்கால ஜெபத்தில் ஆளுக்கொரு வசனம் வாசிப்பது எங்கள் வழக்கம். எனக்கு மனப்பாடமான வசனம் சரியாக என் முறைக்கு வரும்படி எங்கே ஆரம்பிக்க வேண்டும் என்று அம்மா முன்கூட்டியே கணக்குப் போட்டுவிடுவார். அப்பாவுக்கு இது தெரியாது. எனக்கு வாசிக்க வராது என்பதே அவருக்குத் தெரியாது.

ஒன்பதாம் வகுப்பில் அந்தப் பெட்டி வந்தது. ஓர் அறக்கட்டளை எங்கள் பள்ளிக்குத் தலையில் மாட்டிக் கண்ணை மூடிக்கொள்ளும் இரண்டு வி.ஆர். ஹெட்செட்களை இரவல் கொடுத்தது. கூடவே கண் பயிற்சி கொடுக்கும் அக்கா ஒருவர் வந்தார். வாசிப்பில் பின்தங்கியவர்களை வரிசையாக உட்காரவைத்து, பேனா முனையை மூக்கை நோக்கி மெதுவாகக் கொண்டுவந்தார்.

"எப்போ ரெண்டா தெரியுதோ அப்போ சொல்லும்மா."

"கிட்ட வந்தா எப்பவுமே ரெண்டுதானேக்கா?" என்றேன்.

அக்கா பேனாவை இறக்கிவிட்டார். "உன் ரெண்டு கண்ணும் தனித்தனியா நல்லாத்தான் இருக்கு. கிட்டப் பார்க்கும்போது ரெண்டும் சேர்ந்து வேலை செய்ய மாட்டேங்குது. பயிற்சி பண்ணா சரியாகும். இது சோம்பேறித்தனம் இல்ல."

கடைசி வாக்கியத்தை இன்னொரு தடவை சொல்லச் சொன்னேன். சொன்னார்.

ஐந்து பேரைத் தேர்ந்தெடுத்தார்கள். புதன்கிழமைதோறும் கம்ப்யூட்டர் ரூமில் பயிற்சி. முதல் வாரமே பிரச்சினை. எங்கள் பள்ளியில் எண்ணெய் வழிய வாரி, ரெட்டை ஜடை மடித்துக் கட்டாமல் உள்ளே விட மாட்டார்கள். ஹெட்செட்டின் பட்டை ஜடையில் மாட்டிக்கொண்டது, முகத்தில் படியும் பஞ்சு முழுக்கத் தேங்காய் எண்ணெய். புதன்கிழமை தலைக்கு எண்ணெய் வைக்க வேண்டாம் என்று அக்கா சொல்லியனுப்ப, எங்கள் தலையைப் பார்த்து அக்கா அருவருப்புப்படுகிறார் என்று இரண்டு அம்மாக்கள் சண்டைக்கு வந்துவிட்டார்கள். கடைசியில் அந்த ஐந்து பேருக்கு மட்டும் புதன்கிழமை வறண்ட தலைக்கு அனுமதி கிடைத்தது. பள்ளியில் எல்லாரும் எங்களை ஒரு மாதிரிப் பார்த்தார்கள். நாங்கள் இன்னும் நிமிர்ந்து நடந்தோம்.

ஹெட்செட்டுக்குள் ஒரு பலூன் தூரத்திலிருந்து மூக்கை நோக்கி வரும். அது இரண்டாகப் பிரியாமல் கண்ணாலேயே பிடித்து வைத்திருக்க வேண்டும். பலூன்மேல் ஓர் எழுத்து இருக்கும், அது என்ன என்று சொன்னால் வெடிக்கும். ஒவ்வொரு தடவையும் வேறு எழுத்து. எனக்கு முன்னால் போட்டவளுக்கு வந்த எழுத்து எனக்கு வராது. என் வாழ்க்கையில் மனப்பாடம் செய்ய முடியாத பரீட்சை அதுதான் முதலாவது. முதல் நாள் ஒன்றுகூட வெடிக்கவில்லை. கழற்றும்போது அழுதிருந்தேன், எண்ணெய்ப் பஞ்சில் அது யாருக்கும் தெரியவில்லை.

தீபாவளி கழிந்து மழையும் ஓய்ந்த பிறகு, பலூன் ஒரு முழத்துக்கு உள்ளே வந்தும் ஒன்றாகவே நின்றது. புத்தகத்தில் ஏழெட்டு வரி கலையாமல் நின்றது. ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். மிஷினைப் போட்டதும் நான் மளமளவென்று வாசிக்க ஆரம்பித்ததாக இன்றைக்கும் சொந்தக்காரர்கள் கதை விடுகிறார்கள். அது சுத்தப் பொய். மிஷின் எழுத்தை ஒரே இடத்தில் நிற்கவைத்தது, அவ்வளவுதான். நின்ற எழுத்தைக் கூட்டி வாசிக்க நான்தான் பாடுபட்டேன், ஒன்பதாம் வகுப்பில், ஒன்றாம் வகுப்புப் பிள்ளையைப் போல.

அப்போதுதான் அறக்கட்டளையிலிருந்து பார்க்க வருகிறார்கள் என்றார்கள். பெற்றோரையும் அழைத்தார்கள். அவர்கள் முன்னால் வாசித்துக் காட்ட ஹெச்.எம். மேடம் என்னைத் தேர்ந்தெடுத்து, சமூக அறிவியலில் ஒரு பக்கத்தைக் குறித்துக் கொடுத்தார். "இந்தப் பக்கத்தை நல்லாப் பழகிக்கோ. ஏத்த இறக்கத்தோட வரணும்." அன்று மாலையே அம்மா அதைப் பதிவு செய்தார். மறுநாள் காலை எனக்கு அது தலைகீழ்ப் பாடம். புத்தகமே வேண்டாம்.

சும்மா கேட்பது போல அக்காவிடம் கேட்டேன், நன்றாக வாசித்துவிட்டால் என்ன ஆகும் என்று.

"உனக்குப் பயிற்சி முடிஞ்சதுன்னு எழுதுவாங்க. உன் இடம் வேற பிள்ளைக்குப் போகும்."

பயிற்சி இன்னும் முடியவில்லையே! ஏழெட்டு வரிதானே நிற்கிறது! ஒப்பித்துக் கைதட்டு வாங்கினால், அந்த ஏழெட்டு வரியோடு என்னை அனுப்பிவிடுவார்கள்.

பயிற்சியில் என்னோடு இருந்தவளிடம் சொன்னேன். அவள் அம்மா ராஜகீழ்ப்பாக்கத்தில் மீன் விற்பவர். அவள் என்னை முறைத்தாள். "இன்னாடி பேஜார் பண்ற? நீ திக்கித் திணறினேன்னு வையி, ஒன்னும் பிரயோஜனம் இல்லன்னு பொட்டியத் தூக்கினு பூடுவாங்க. அப்பால எங்க கதி இன்னா?" அவள் சொன்னதிலும் நியாயம் இருந்தது.

அந்த நாளும் வந்தது. அம்மா லீவு போட்டு, முதல் வரிசையில் உட்கார்ந்திருந்தார். மைக்கைப் பிடித்துப் புத்தகத்தைத் திறந்தேன். குறித்த பக்கம் தானாகவே வந்து நின்றது. முதல் வாக்கியம் நாக்கு நுனியில் இருந்தது. புத்தகத்தை மூடி, அறக்கட்டளை மேடத்திடம் நீட்டினேன்.

"நீங்களே ஒரு பக்கம் எடுத்துக் கொடுங்க மேடம்."

ஹெச்.எம். மேடம் முகத்தில் ஈயாடவில்லை. வந்தவர் நடுவில் எங்கோ பிரித்துக் கொடுத்தார். ஆற்றுப் பாசனம் பற்றிய பக்கம். அம்மா குரலில் நான் கேட்டதே இல்லை. வரிக்கு அடியில் விரலை வைத்தேன், எல்லாரும் பார்க்க. முதல் வரி வந்தது. இரண்டாவதில் ஒரு நீளமான சொல் என்னை நிறுத்திவிட்டது. பின்னாலிருந்து யாரோ சிரித்தார்கள்.

அம்மாவைப் பார்த்தேன். நான் நின்றால் அடியெடுத்துக் கொடுக்கும் பழக்கத்தில் அவர் வாய் திறந்தது. திறந்தபடியே நின்றது. அந்தப் பக்கம் அவருக்குத் தெரியாது.

ஹெச்.எம். மேடம் எழுந்து மைக்கை வாங்க வந்தார். "குழந்தை பயந்துட்டா."

"பயப்படல மேடம். படிச்சுக்கிட்டிருக்கேன்" என்றேன். மைக்கில்தான் சொன்னேன்.

அந்தச் சொல்லை உடைத்து உடைத்து வாசித்தேன். அடுத்த வரிக்கு இறங்கினேன். இரண்டு தடவை வரி தவறி, விரலை வைத்துத் திரும்பப் பிடித்தேன். ஒரு பத்திதான். முடிப்பதற்குள் அடுத்த பீரியட் மணியே அடித்துவிட்டது. யாரும் கைதட்டவில்லை. அறக்கட்டளை மேடம் மட்டும், "இன்னும் முடியல இல்ல?" என்று கேட்டார். "இல்ல மேடம். இன்னும் வேணும்" என்றேன். ஐந்து பேருக்குமே இன்னொரு டெர்ம் என்று எழுதிக்கொண்டார். மீன்காரர் மகள் பின் வரிசையிலிருந்து விசில் அடித்து, அதற்காக அன்று மாலை வரை முட்டி போட்டாள். ஹெச்.எம். மேடம் பொங்கல் வரை என்னிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை.

அம்மா வீட்டுக்கு வந்து சாப்பிட்டதும், பழக்கதோஷத்தில் தன் புத்தகத்தையும் போனையும் எடுத்துக்கொண்டு உட்கார்ந்தார். "அடுத்த பாடம் எது?"

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. ஸ்கேலைப் பிடுங்கியவர் மட்டுமா என்னைப் படிக்கவிடாமல் செய்தார்? போனை வாங்கி அலமாரிமேல் வைத்தேன்.

"இனிமே நீங்க வாசிக்க வேணாம்மா. நான் வாசிக்கிறேன், நீங்க கேளுங்க."

அம்மா சுவரில் சாய்ந்து, காலை நீட்டிக்கொண்டார். நான் விரலை வைத்து ஆரம்பித்தேன். இரண்டாவது பத்தியிலேயே அவர் தூங்கிவிட்டார்.

நான் நிறுத்தவில்லை.