ஹெஸ்டர் லூமிஸின் பெயர் ஏறிய படம்

ஹெஸ்டர் லூமிஸைப் பற்றி ஹாலிவுட்டில் யாரைக் கேட்டாலும் கெட்டிக்காரி என்பார்கள். என்னென்ன எழுதினாள் என்று கேட்டுப் பாருங்கள், தலையைச் சொறிவார்கள். ஊமைப்படக் காலத்தில் முப்பது படங்களுக்கு மேல் கதை எழுதியவள். திரையில் வந்ததெல்லாம் இயக்குநர் ப்ரெஸ்காட்டின் பெயர். கன்சாஸ் பக்கம் ஒரு சினிமாக் கொட்டகையில் ஊமைப்படங்களுக்குப் பியானோ வாசித்தபடியே, ஜனம் எங்கே அழுகிறது, எங்கே கொட்டாவி விடுகிறது என்று பார்த்துப் பார்த்துத் தொழில் கற்றவளுக்கு இது அடுக்குமா? ஒரு படத்திலாவது தன் பெயரைப் பார்த்துவிட வேண்டும் என்று கிடந்தாள். கேட்டபோதெல்லாம் படக் கம்பெனி முதலாளி டெலானி, அடுத்த படத்தில் பார்க்கலாம் என்று நழுவினார்.

அந்த வருஷம் அவள் எழுதியது காதலி சாகிற கதை. வழக்கம்போல, வெளியிடுமுன் பக்கத்து ஊர்க் கொட்டகையில் போட்டுப் பார்த்தார்கள். சாவுக் கட்டத்தில் கதாநாயகன் காதலியின் முகத்தருகே குனிந்து ஏதோ முணுமுணுக்க, கொட்டகையே மூக்கை உறிஞ்சியது. முன்வரிசையில் மட்டும் சிலர் விழுந்து விழுந்து சிரித்தார்கள். கடைசியில் அந்தச் சிரிப்பு எல்லோருக்கும் தொற்றிக்கொண்டது.

ஹெஸ்டர் போய் விசாரித்தாள். அவர்கள் காது கேளாதவர்கள், உதட்டசைவைப் பார்த்தே பேச்சைப் புரிந்துகொள்பவர்கள். சத்தம்தான் பதிவாகாதே என்ற தைரியத்தில் நம் நடிகர்கள் கேமரா முன் வாய்க்கு வந்ததைப் பேசுவார்கள். அந்த மகராசன் பேசியதை ஒரு பெண் எழுதிக் காட்டினாள்: "வெங்காயத்தத் தின்னுட்டா வந்தே? கொமட்டுது. சீக்கிரம் செத்துத் தொலை."

மறுபடி எடுக்கலாமென்றால் செட்டைப் பிரித்தாகிவிட்டது. ப்ரெஸ்காட் கொதித்தார். "இந்தக் கண்றாவியில எம் பேரு வரக்கூடாது. கதை அந்தம்மாவுதுதானே? அவ பேரையே போட்டுக்கங்க."

ஆசைப்பட்டது கிடைத்தேவிட்டது, அவமானமாக. ஹெஸ்டர் மாலைவரை அழுதாள். பிறகு முகத்தைக் கழுவிக்கொண்டு, காட்சிகளுக்கு நடுவே வரும் எழுத்து அட்டைகளையெல்லாம் புதிதாக எழுத உட்கார்ந்தாள். படத்தில் ஒரு காட்சிகூட மாறவில்லை. ஆனால் உருகி உருகிப் பேசிய காதலன் சிடுமூஞ்சியானான். அவனை உதறிவிட்டு ஓடுவதற்காகக் காதலி சாவதுபோல் பாசாங்கு செய்தாள். வெங்காய வசனத்தை ஹெஸ்டர் அப்படியே அட்டையில் ஏற்றினாள். அடேயப்பா, என்ன துணிச்சல்! படம் போன ஊரெல்லாம் கொட்டகை நிரம்பியது.

அடுத்த மாதமே ப்ரெஸ்காட் முதலாளி அறையில் வந்து உட்கார்ந்துவிட்டார். டெலானி ஹெஸ்டரைக் கூப்பிட்டுக் குழைந்தார். இனிப் போடும் பிரதிகளில் பழையபடி ப்ரெஸ்காட் பெயரே இருக்கட்டும் என்றார். "எழுதுனது நீதான்னு எங்களுக்குத் தெரியாதாம்மா?"

"உங்க ரெண்டு பேருக்கும் எப்பவுமே தெரியும் சார்," என்றாள் ஹெஸ்டர். "இப்பத்தான் மத்தவங்களுக்குத் தெரிஞ்சிருக்கு. அது அப்படியே இருக்கட்டும்."