மூன்றாவது மாடியும் என் அனுபவச் சான்றிதழும்

நான் படித்தது சிவில் இன்ஜினீயரிங், பார்த்தது சிறுசேரியில் சாஃப்ட்வேர் வேலை. என் வகுப்பில் பாதிப் பேர் அப்படித்தான். கட்டடம் கட்டப் படித்துவிட்டு, யாரோ கட்டிய ஏ.சி. கட்டடத்தில் உட்கார்ந்து அமெரிக்க இன்ஷூரன்ஸ் கம்பெனிக்கு புரோகிராம் எழுதினோம். ஆட்குறைப்பில் என் பெயரும் வந்த பிறகுதான் என்னிடம் ஒரு சிவில் டிகிரி இருப்பது ஞாபகம் வந்தது.

சொத்து மதிப்பீட்டாளர் ஆகலாமே என்று தோன்றியது. வங்கி கடன் கொடுப்பதற்கு முன் வீட்டைப் போய்ப் பார்த்து, இது இவ்வளவு பெறும் என்று ரிப்போர்ட் எழுதுகிற வேலை. பதிவு பெற்ற மதிப்பீட்டாளராவதற்கு என்ன வேண்டும் என்று விசாரித்தேன். சிவில் டிகிரி வேண்டும், இருந்தது. டிகிரிக்குப் பிறகு துறையில் ஐந்து வருட அனுபவம் வேண்டும், இல்லை. பிறகு ஐம்பது மணி நேர வகுப்பு, கம்ப்யூட்டரில் ஒரு தேர்வு. சிறுசேரி வருடங்களைச் சேர்த்துக்கொள்வார்களா என்று கேட்டேன்.

“அங்க ஏதாவது கட்டினீங்களா மேடம்?” என்றார் பதிவு அமைப்பின் விசாரணைப் பிரிவில் இருந்தவர்.

“இல்ல சார்.”

“அப்ப சேராது.”

அனுபவம் தேடி மேற்குத் தாம்பரத்தில் சுந்தரேசன் சாரிடம் சேர்ந்தேன். சில வங்கிகளுக்கு அவர்தான் மதிப்பீட்டாளர். ஜெராக்ஸ் கடைக்கு மேலே ஆபீஸ். முழங்கால் வலியால் அவர் மாடி ஏறுவதை விட்டிருந்தார். தன் ஆபீஸுக்கு மட்டும் எப்படியோ ஏறிவிடுவார். அவரிடம் வேலை பார்த்த நாங்கள் மூன்று பேர்தான் போய் அளந்து, படமெடுத்து, ரிப்போர்ட் எழுதுவோம். ‘நேரில் பார்வையிட்டேன்’ என்ற வரிக்குக் கீழே அவர் கையெழுத்துப் போடுவார்.

முதல் நாள் அஸ்தினாபுரத்தில் ஒரு தனி வீடு. நான் டேப்பைப் பிடித்தேன், மறுமுனையை வீட்டுக்காரரின் நாய் பிடித்தது. திரும்பி வந்து என் கணக்கைக் காட்டினேன். சார் பார்க்கவே இல்லை. “எதுக்குக் கேக்கறாங்க? லோனா, பாகப்பிரிவினையா?” என்றார். லோன் என்றேன். “அதை முதல்ல சொல்லும்மா” என்று சொல்லிவிட்டு, நான் போட்டிருந்த எண்ணைத் தாராளமாக உயர்த்தினார். அடுத்த வாரம் அதே தெருவில், அதே அளவில் ஒரு பாகப்பிரிவினை வீடு வந்தது. வீட்டை வைத்துக்கொண்டு, தம்பியின் பங்கைப் பணமாகக் கொடுக்கப் போகிற அண்ணன்தான் எங்களைக் கூப்பிட்டிருந்தார். ஒரே வாரத்தில் அந்தத் தெருவே பாதி விலைக்கு இறங்கியது.

ஐந்து வருடம் முடிந்ததும் அனுபவச் சான்றிதழ் கேட்டேன். “போட்டுரலாம்மா” என்றார். மழை முடியட்டும், ஆடிட் முடியட்டும், பையன் கல்யாணம் முடியட்டும். எனக்கு முன்னால் சேர்ந்த இருவர் இன்னும் அங்கேயே அளந்துகொண்டிருந்தார்கள். சான்றிதழ் கொடுத்தால் நாளைக்கு நாங்களே எதிரில் போர்டு மாட்டுவோம் என்பது அவருக்குத் தெரியும்.

அந்தச் சமயத்தில்தான் பெருங்களத்தூர் ஃபிளாட் வந்தது. வாங்குகிறவர் ஜெயந்தி, பள்ளி ஆசிரியை. அட்வான்ஸ் கொடுத்துவிட்டு லோனுக்காகக் காத்திருந்தார். ஃபிளாட் இருந்தது மூன்றாவது மாடியில். அப்ரூவல் வாங்கிய பிளானில் இரண்டு மாடிதான்.

பில்டர் கோவிந்தராஜிடம் பிளானை விரித்துக் காட்டினேன்.

“இன்னா மேடம், மாடி கண்ணு முன்னாடி கீது. பேப்பர்ல இல்லன்றீங்க” என்றார், நான்தான் அதை எடுத்து ஒளித்து வைத்ததுபோல.

ஜெயந்தியைத் தனியே கூப்பிட்டு, இந்த வீட்டுக்குச் சட்டப்படி மதிப்பே போட முடியாது, அட்வான்ஸைத் திருப்பிக் கேளுங்கள் என்றேன். அவருக்கு வருத்தம் வந்தது, பில்டர் மேல் இல்லை, என் மேல். “லோன் வரணும் மேடம். நீங்க கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணா எங்க குடும்பமே உங்கள மறக்காது.”

ஆபீஸில் சார் ஒரு வாக்கியம் சொல்லிக் கொடுத்தார்: ‘பின்னாளில் முறைப்படுத்த வாய்ப்புள்ளது.’ அதை எழுத முடியாது என்றேன். ஐந்து வருட உழைப்பு அவருடைய ஒரு கையெழுத்தில் இருந்தது. அவர் கோபப்படவில்லை. வேறொருவரை அனுப்பி அந்த ஃபிளாட்டுக்கு நல்ல மதிப்புப் போட்டார். லோனும் வந்தது.

மறுநாள் என்னைக் கூப்பிட்டு ஒரு கவரைக் கொடுத்தார். அனுபவச் சான்றிதழ். ஆங்கிலத்தில் என் நேர்மையைப் புகழ்ந்து, நான் தனியாகத் தொழில் நடத்த முழுத் தகுதி பெற்றுவிட்டதாக எழுதியிருந்தார்.

“இனிமே நீங்க இங்க இருந்தா வளர முடியாதும்மா” என்றார். உண்மையான அக்கறை தெரிந்தது, அவருடைய ஆபீஸ் மேல்.

அளந்துகொண்டிருந்த இருவரும் என்ன செய்து வாங்கினாய் என்று ரகசியமாகக் கேட்டார்கள். சொன்னேன். அவர்கள் நம்பவில்லை.

ஐம்பது மணி நேர வகுப்பில் தொழில் நெறிமுறைகளை மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு வைத்திருந்தார்கள். விழித்திருந்தவர்கள் குறைவு. தேர்வில் இரண்டாவது முறை தேறினேன். தாம்பரத்திலேயே சின்னதாக ஓர் ஆபீஸ் போட்டு, பல மாதம் சும்மா உட்கார்ந்திருந்தேன்.

ஒருநாள் பெருங்களத்தூர் பஸ் ஸ்டாப்பில் ஜெயந்தியைப் பார்த்தேன். கட்டட நிறைவுச் சான்றிதழ் கிடைக்காததால் நிரந்தர மின் இணைப்பு வரவில்லை, கட்டுமானக் காலத் தற்காலிக இணைப்பிலேயே குடியிருக்கிறார்களாம். “அன்னிக்கு நீங்க இன்னும் கொஞ்சம் அழுத்திச் சொல்லியிருக்கலாம் மேடம்” என்றார். பஸ் வந்தது, ஏறிப் போய்விட்டார். எனக்குக் கோபம் வரவில்லை. வருத்தமாக இருந்தது.

அதற்குச் சில வாரம் கழித்து கோவிந்தராஜ் என் ஆபீஸுக்கு வந்தார். சண்டைக்கு வந்திருக்கிறார் என்று நினைத்து எழுந்து நின்றேன். அவர் ஒரு மனைப் பத்திரத்தின் நகலை மேஜைமேல் வைத்தார்.

“இத நானே வாங்கப் போறேன் மேடம், என் சொந்தக் காசு. மத்தவங்கல்லாம் என் மூஞ்சப் பாத்து ரேட்டு போடுவாங்க. நீங்க கரீட்டா பாத்துச் சொல்லுங்க.”

அன்றே போய் அளந்தேன். விற்கிறவர் சொன்ன விலையில் பாதி பெறாது என்று எழுதிக் கொடுத்தேன். அதைப் படித்துவிட்டு அவ்வளவு சந்தோஷப்பட்ட மனிதரை இந்தத் தொழிலில் நான் அதற்குப் பிறகு பார்த்ததில்லை.

இந்த வேலைக்கு வர நினைப்பவர்களுக்கு டிகிரி, அனுபவம், வகுப்பு, தேர்வு எல்லாவற்றையும் விதிகளே சொல்லிவிடும். நான் கற்றுக்கொண்டது ஒன்றே ஒன்று. உண்மையான மதிப்பைக் கேட்டும் ஆட்கள் வருவார்கள், ஆனால் சொந்தக் காசு போகும்போதுதான் வருவார்கள். அதுவரை ஆபீஸ் வாடகையைக் கட்டிக்கொண்டிருக்க வேண்டும்.